பழ ஸ்டிக்கரும் ரூல்தடி மேடமும்

ரூல்தடி என்று அந்த அம்மாவுக்குப் பேர் வைத்தது நான் இல்லை. எனக்கு முன்னாலேயே யாரோ வைத்துவிட்டார்கள். வேளாண் அலுவலகத்தில் கள ஆய்வாளர். ஒல்லியான, நெட்டையான உடம்பு. நரைத்த முடியை ஒரு கிளிப்புக்குள் இறுக்கியிருப்பார், தோளில் பெரிய கான்வாஸ் பை தொங்கும். மானியம் கேட்டவன் வயலுக்கு அவர் வந்தால் லேசில் கையெழுத்துப் போடமாட்டார் என்று எல்லாரும் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டியவன்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. அதே வாயால்தான் இப்போது அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கம்போஸ்ட் மானியம் எப்படியென்றால், முதலில் நம் கைக்காசைப் போட்டு உரம் வாங்கி வயலில் போட்டுவிட வேண்டும். பில், லாரிச் சீட்டு, வயலில் இறக்கிய குவியலின் போட்டோ எல்லாவற்றையும் கொடுத்து, ஆய்வாளரும் நேரில் வந்து பார்த்து எழுதினால் முக்கால் பங்கைத் திருப்பித் தருவார்கள். என் தக்காளி வயல் மூன்று ஏக்கர். மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஆனால் கைக்காசுக்கு எங்கே போவது?

அக்கா கொடுத்தாள். முழங்கால் ஆபரேஷனுக்காக, அதே காலால் தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்த பணம். இந்த வருஷம் தாண்டினால் காலை நீட்டவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாலஞ்சு மாசத்துல திரும்பி வந்துடும்னு சொல்றே. அதுவரைக்கும் இந்தக் கால் எங்கடா ஓடிடப் போகுது?" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

எட்டு லோடு வந்து இறங்கியது. நகரத்து வீடுகளிலும் கடைகளிலும் மிஞ்சுகிற காய்கறிக் கழிவையும் பழத்தோலையும் மட்க வைத்து ஓர் ஆலையில் செய்கிற உரம். அள்ளினால் கை மணத்தது. ஒரே ஒரு குறை, ஆப்பிள், ஆரஞ்சு மேல் ஒட்டியிருக்குமே, அந்தக் குட்டி ஸ்டிக்கர். தோல் மட்கிவிடுகிறது, ஸ்டிக்கர் மட்குவேனா என்கிறது. என் மனைவி அரை மணி நேரம் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஜென்மம் போதாதுங்க" என்று எழுந்துவிட்டாள்.

அன்று மதியமே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் குவியலை விட்டால் சத்தெல்லாம் வாய்க்காலோடு போய்விடும். எந்த விவசாயிக்கு மனசு கேட்கும்? ஓடிப்போய் வாடகை டிராக்டரைக் கூட்டிவந்து, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பரப்பி உழுது முடித்துவிட்டேன்.

"ஏங்க, போட்டோ எடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

போட்டோவா? அந்த நினைப்பே வரவில்லை. எட்டு லோடும் மண்ணுக்குள்ளே போயாகிவிட்டது. வந்த மழையும் நாலு தூறலோடு போய்ச் சேர்ந்தது.

பக்கத்து வயல் பால்காரர் ஒரு யோசனை சொன்னார். "என் கொட்டகைக்குப் பின்னாடி எருக் குவியல் கிடக்கு. அதைப் போட்டோ புடிச்சுக் குடுத்துடு. கறுப்பா இருக்கா, அவ்வளவுதான் வேணும்."

மனைவி வேண்டாம் என்றாள். அக்கா காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் கொட்டகை தெரியாதபடி மண்டி போட்டு அந்தப் போட்டோவை எடுத்தேன்.

ஆய்வு நாளன்று மேடம் ஸ்கூட்டரில் வந்தபோது காலை மணி ஒன்பது. வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். போட்டோவை நீட்டினேன். மேடம் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு வயலில் இறங்கி, காலால் மண்ணைக் கிளறி, ஒரு ஸ்டிக்கரை எடுத்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த ஆலை உரத்துல இது இல்லாம ஒரு கூடை வராது. உங்க போட்டோல ஒண்ணுகூட இல்ல. வைக்கோல்தான் இருக்கு. இது மாட்டு எருதானே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டவன் சும்மா இருப்பானா? என் வாய் முந்திக்கொண்டது. "ரூல்தடின்னு சும்மாவா பேர் வச்சாங்க?"

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். மேடத்தின் முகம் மாறவே இல்லை.

"அந்தப் பேர் வச்சு இருபது வருஷம் ஆச்சு. இந்தக் குவியல் யாரோடது, அதைச் சொல்லுங்க."

மனைவிதான் சொன்னாள். மழைக்குப் பயந்தது, டிராக்டர், பால்காரர், அக்காவின் பணம், அக்காவின் முழங்கால், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள்.

"முட்டிவலியெல்லாம் இந்த ஃபாரத்துல வராதும்மா" என்றார் மேடம்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சரி, தொலைந்தது என்று நினைத்தேன். பொய்ப் படம் என்று எழுதிவிட்டால் இந்தப் பணம் மட்டுமில்லை, இனி எந்த மானியத்துக்கும் அந்த அலுவலக வாசலை மிதிக்க முடியாது.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோவை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ஆய்வு பத்து மணிக்குன்னு நோட்டீஸ்ல இருக்கு. இப்ப ஒம்பதரை. நீங்க இன்னும் எதையும் என்கிட்ட குடுக்கல. பத்து மணிக்குக் கேப்பேன். யோசிச்சுப் பதில் சொல்லுங்க."

போட்டோவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மேடம் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார். சரியாகப் பத்துக்கு வந்து, முதன்முதலாகப் பார்ப்பவர் போலக் கேட்டார்.

"குவியல் போட்டோ இருக்கா?"

"இல்ல மேடம். மழை வருதுன்னு அவசரப்பட்டுப் பரப்பிட்டேன்."

"அப்ப பதினேழாம் பக்கம்" என்று பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். போட்டோ இல்லாவிட்டால், வயலில் முப்பது இடத்தில் ஆய்வாளர் தன் கையால் தோண்டிச் சலித்து, கிடைப்பதை எண்ணிச் சான்று தரலாம் என்று அதில் இருந்தது.

"இப்படி ஒண்ணு இருக்கறதே யாரும் சொல்லலையே மேடம்."

"கிடையாதுன்னு போட்டிருக்கற பக்கம் வரைக்கும்தான் எல்லாரும் படிக்கறாங்க. அதுக்கப்புறமும் புத்தகம் இருக்கு."

மேடம் ஸ்கூட்டரிலிருந்து எடுத்த மண்வெட்டியை வாங்கப் போனேன். தரவில்லை. "ஆய்வாளர் கையாலன்னு இருக்கு. எழுதறதுக்கு மட்டும் வேற ஆள் வச்சுக்கலாம்" என்றவர், அக்காவைப் பார்த்து, "உங்க கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான் போனது. ஒரு மரச்சட்டத்தை மண்ணில் வைத்து, அதற்குள் ஒரு சாண் ஆழம் தோண்டுவார், சலிப்பார், முட்டை ஓடு இத்தனை, ஸ்டிக்கர் இத்தனை என்பார். அக்கா எழுதுவாள். நானும் மனைவியும் அவளை எழுப்பி, நாற்காலியை அடுத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம். எந்த ஸ்டிக்கரைச் சபித்தேனோ அது ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போது, ஓடிப்போய் முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. மத்தியானம் டப்பாவிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி தின்றார். எங்கள் வீட்டில் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. முப்பதாவது குழியை மூடிவிட்டு நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காலையில் நான் சொன்ன வார்த்தை என்னையே அறுத்தது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். வாய் நீளம் எனக்கு."

"வரப்பும் நீளந்தான். வெயில்ல இன்னும் எவ்வளவு நேரம் நிப்பீங்க? இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அலுவலக ஜீப் டிரைவர் பிற்பாடு எனக்குச் சொன்னார். மற்ற ஆய்வாளர்கள் ஒரு காகிதம் குறைந்தால் தள்ளுபடி என்று எழுதிவிட்டுப் பத்து நிமிஷத்தில் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்களாம். இந்த அம்மா நாள் கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பதால் மாதாமாதம் யார் எத்தனை வயல் முடித்தார்கள் என்கிற பட்டியலில் எப்போதும் கடைசி. இரண்டு தடவை பதவி உயர்வு தவறிப் போயிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது உட்கார்ந்த மேஜையிலேயே ரிட்டயர் ஆகப்போகிறார்.

நாலாவது மாதம் பணம் வந்தது. அதே வாரம் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

இரண்டரை மாதம் கழித்து, அந்த அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். இப்போது அவளால் அதுவும் முடியும். கூடை நிறையத் தக்காளியோடு போனோம். மேஜைமேல் வைப்பதற்குள் மேடம் கையைக் காட்டித் தடுத்தார்.

"வாங்கக் கூடாது. ஆறாம் பக்கம்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தேன். மேடம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் ஒரு வாரமா ஓடலையே. ரெண்டு மாடி எப்படி வந்தீங்க?"

"நடந்துதான் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "கதவு வரைக்கும் போயிட்டு வாங்க, பாக்கலாம். நேர்ல பாக்காம நான் எதையும் நம்பறதில்ல."

அக்கா கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மேஜை மறைக்கிறது என்று மேடம் எழுந்து நின்றுகொண்டார்.

"இன்னொரு தடவை."

அக்கா இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே போனாள். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். 

"சரியா இருக்கா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.