சந்திர சூரியர் உள்ளமட்டும்

நான் பாட்டுக் கட்டுகிறவன். மீன்பிடிக் குடும்பத்தில் அப்படி ஒருவன் பிறந்துவிட்டால் குப்பம் சும்மா விடுமா? பெண்ணின் கண்ணை வலை என்று பாடினால், எந்த மீனுக்கான வலை என்று கேட்டுச் சிரிப்பார்கள். பெருமாளுக்கு நான் அடிமை என்று பாடினால், அப்படியானால் போய்க் கோயில் மாட்டுக்குச் சாணி அள்ளு என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பொருள் தெரியாத ஜனம் என்று திட்டிவிட்டு எழுந்து போவேன்.

ஆனால் கோயிலுக்கு யாராவது நிலம் எழுதிவைத்தால் ஓலை எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். தானம் என்றென்றைக்கும் நிற்கும் என்பதற்கு, அதன் கடைசியில் ‘சந்திர சூரியர் உள்ளமட்டும்’ என்று முடிப்பது வழக்கம். என் கை அந்த வரியை ஆசையோடு எழுதும். அது இல்லாத ஓலை எனக்கு உப்பில்லாத கஞ்சி.

பிறகு இரண்டு வருடம் மழை இல்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறி, நாங்கள் மீன் பிடிக்கிற ஏரிக்குக் கடல் தண்ணீர் வருவது நின்றது. மீன் செத்து மிதந்தது. நெல் விளைவிக்கிற உள்நாட்டு ஊர்க்காரர்களே பசியோடு எங்கள் குப்பத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே ஒரு தரகன் கொட்டகை போட்டான். தங்களையே விற்றுக்கொள்கிறவர்களைக் கப்பலுக்கு வாங்கினான். வீட்டாருக்கு அரிசி கொடுத்தான். ஓலை எழுத ஆள் தேடினான், நான் போனேன். அரிசிக்காகத்தான் போனேன். வேறு நியாயம் சொல்ல என்னிடம் இல்லை. அடிமை என்ற சொல்லைக் கண்ணீர் மல்கப் பாடியவன் நான். கொட்டகையில் அதை எழுதும்போது, விலா எலும்பு தெரிய ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் என் தங்கை வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் கடலில் போய்விட்டான். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை.

“மூணு வருசம்னு பேசிட்டேன் அண்ணே. அப்பால திருப்பி அனுப்பிடுவாங்களாம். புள்ளைய நீ பாத்துக்க.”

முடியாது என்று கத்தினேன். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டாள். நான் எழுத்தாணியை எடுத்தேன்.

மூன்று வருட ஊழியம் என்று தெளிவாகத்தான் எழுதினேன். என் தங்கையின் ஓலை ஏனோதானோ என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நின்று நிதானமாக, கோயில் ஓலைக்குப் போடுகிற அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். நல்லா இருக்குது என்றாள். தரகனும் கேட்டுக்கொண்டிருந்தான். ஓலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து ஒரு கப்பல் வந்தது. பக்கத்து ஊரான பசியாவரத்து ஆள் ஒருவர் அதிலிருந்து இறங்கினார். அவருக்கும் மூன்று வருடம் என்றே எழுதியிருந்தேன். அன்று அவசரம், கடைசி வரியைப் போடாமலே கொடுத்துவிட்டேன். என் தங்கை இறங்கவில்லை. தரகனிடம் ஓடினேன். அவன் பெட்டியிலிருந்து என் ஓலையை எடுத்து என் கையிலேயே கொடுத்தான்.

“மூணு வருசம்னு மேல கீது, மெய்தான். கீழ இன்னா கீது? படி.”

படித்தேன். அது ஓலைக்கு அழகுக்காகப் போடுவது, அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது என்று கெஞ்சினேன்.

“கப்பல்காரனுக்கு அழகு தெரியாது. எழுதினதுதான் தெரியும்.”

அவன் அயோக்கியன், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் பிடித்துக்கொள்ளக் கயிறு திரித்துக் கொடுத்தது நான். பொருள் தெரியாத ஜனம் என்று குப்பத்தையே திட்டிய வாயும் என்னுடையதுதான்.

வீட்டு வாசலில் குழந்தை நின்றிருந்தது. இப்போது அதற்கு ஐந்து வயது. இத்தனை நாளும் அது அம்மாவைக் கேட்டபோதெல்லாம், அலை மேல் ஏறி வருவாள், காற்று தள்ளிக்கொண்டு வரும் என்று பாடிப் பாடித் தூங்கவைத்திருந்தேன். கப்பல் வந்த சேதி அதற்கும் தெரிந்திருந்தது. தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

“மாமா, அம்மா எங்க?”

“வராது” என்றேன்.

“ஏன்?”

“நான் அப்படி எழுதிட்டேன்மா.”