அட்டையில் இடமில்லாத ஓரகத்தி

கொழுந்தனார் பொண்டாட்டியை எங்க பக்கம் ஓரகத்தின்னு சொல்லுவோம். அந்த வார்த்தையில இருக்கிற ஓரத்தை நான் இவ்வளவு நேரடியா எடுத்துக்கிட்டிருக்க வேணாம்.

கம்பைநல்லூர்ல ரெண்டு குடும்பமும் ஒரே வூட்டுல இருக்கிறோம், அடுப்பும் ஒண்ணுதான். நாங்க செய்யற ராகிப் பலகாரங்களை மின்னூலாப் போடலாம்னு எனக்குத்தான் தோணுச்சு. எழுதினது நான். ஆனா பாதிக்கு மேல என் ஓரகத்தியோட கைப்பக்குவம். கட்டி தட்டாம களி கிண்டறது எப்படின்னு அவ சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். அவளுக்கு ஒரே ஆசை. அட்டையில எங்க ரெண்டு பேர் படமும் வரணும், அதை ஏரியூர்ல அவ அம்மா வூட்டுல காட்டணும். எங்க வூட்டுக்காரர் எங்களை அடுப்புப் பக்கத்துல நிக்க வெச்சு, போனைப் படுக்கைவாட்டுல புடிச்சு எடுத்துக் குடுத்தாரு.

அதை அட்டையா ஏத்தினா, மின்னூல் போடற வெப்சைட்டு வாங்கவே மாட்டேங்குது. ஃபைல் கனமாம். அதோட அட்டை அகலமா இல்லாம உசரமா இருக்கணுமாம். கனத்தைக் குறைச்சேன், மூஞ்சியெல்லாம் கலங்கிப்போச்சு. பக்கவாட்டுல அமுக்கினேன், ரெண்டு பேரும் முருங்கைக்காய் ஆனோம். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "அய்ய, பட்டினி கெடந்தவங்க மாதிரி இருக்கறோமேக்கா!"

வழி இல்லாம இல்லை. படத்தை அப்படியே சின்னதாக்கி, மேலயும் கீழயும் ஒரு கலர் குடுத்து, அங்க தலைப்பைப் போட்டா முடிஞ்சுது. போட்டும் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என் பேரு மட்டும் இருக்கிற புத்தகத்துல ரெண்டு மூஞ்சி எதுக்குன்னு யாராவது கேட்டுட்டா? அற்பப் புத்தி. அதை அழிச்சிட்டு அவ பக்கத்தை வெட்டினேன். அட்டை உடனே ஏறிடுச்சு.

"சைஸ் ஒத்துக்க மாட்டேங்குது கண்ணு"ன்னு அவகிட்ட சொன்னேன். கண்ணுன்னு வேற கூப்பிட்டேன், சண்டாளி.

"அதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க"ன்னுட்டு, போனை வாங்கி அட்டையைப் பெருசாக்கி ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் ஓரத்துல விரலை வெச்சுக் காட்டினா. கண்ணாடி வளையலோட, களித்துடுப்பைப் புடிச்ச ஒரு கை. வெட்டினப்ப நான் கவனிக்கவே இல்லை. கேட்டுடுவாளோன்னு போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"அக்கா, என் கை மட்டும் உள்ள வந்திருக்குது பாருங்க. அதையும் எடுத்துடுங்க. சைஸ் இன்னும் கொஞ்சம் கொறையுமில்ல?"