தீபா கேட்டு வாங்கிய மாத்தாட்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மில்லுக்கு வந்தவள் தீபா. குஜிலியம்பாறை ரோட்டில், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே நிற்கும் அந்த நூற்பாலையில் சைடு பார்க்கக் கற்றுக்கொண்டு, கல்யாணம் முடிந்து, பிள்ளைகளும் பெற்று, கடைசியில் அதே பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனாள். சைடு பார்ப்பதென்றால் மிஷினின் ஒரு பக்கம் நெடுகவும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்த இடத்தில் நின்று ஒட்டிவிட்டு மறுபடி நடக்க வேண்டும். உட்காருகிற பேச்சே அங்கே கிடையாது.

மில் கைமாறியதும் புது மிஷின்கள் வந்தன. பழையதைப்போல இரண்டு மடங்கு நீளம். ஆட்கள் மட்டும் பாதி போதும் என்றது புது நிர்வாகம். மேனேஜர் செழியன் தீபாவைக் கூப்பிட்டார்.

"நான் மைக்கைப் புடிச்சுப் பேசினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கம்மா. நீ சொன்னா கேப்பாங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்பல, மிச்ச ஆளுகளை வேற பிரிவுக்கு மாத்துறோம். பக்குவமா எடுத்துச் சொல்லு."

தீபா உடனே தலையாட்டிவிடவில்லை. "சொல்றேன் சார். ஆனா அம்புட்டு நீளத்தை ஒரே ஆளு நடந்தா காலு என்னத்துக்கு ஆகும்? ஷிப்டுக்கு ரெண்டு மாத்தாளு குடுங்க. அவங்களை நிறுத்திட்டு ஒவ்வொருத்தரையா செத்த நேரம் உக்கார வைக்கிறேன். மிஷினையும் ஒண்ணொண்ணா ஓட்டுவோம். சனங்க பழகணும்ல?"

செழியன் மேலே பேசி அதை வாங்கிக் கொடுத்தார்.

பிரிவில் முதலில் முறைத்துக்கொண்டு நின்றவள் சோலையம்மாள். "இந்த மிஷினுக்கு ஆளு வேணாம்டி, குதிரைதான் வேணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மிஷினில் இருந்த திரையும் அதில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தும் அவளை மிரட்டியிருந்தன.

"அதைப் படிக்கவே வேணாம்க்கா. செவப்பு லைட்டு எரிஞ்சா என்னையக் கூப்பிடு. மத்ததெல்லாம் உனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்றாள் தீபா. அக்கம்பக்கம் இரண்டு மிஷின்களில் ஒரு பழைய ஆளையும் ஒரு இளசையும் ஒருத்திக்கொருத்தி துணையாக நிறுத்தினாள். ஓரத்தில் ஒரு பெஞ்சும் மண்பானையும் போட்டாள். கால் கடுக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காமல் மாத்தாளை அனுப்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பிரிவு நிமிர்ந்துவிட்டது. லீவு போடுவது குறைந்தது, நூல் கூடியது. முதலாளி வீட்டார் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்துப் போனார்கள். தீபாவை நடுவில் நிறுத்திப் போட்டோவும் எடுத்தார்கள்.

அதற்கப்புறம் வந்த உத்தரவு, மாத்தாட்கள் இனி வேண்டாம் என்றது. இவ்வளவு நன்றாக ஓடுகிற இடத்தில் அவர்கள் எதற்கு என்று மேலே கேட்டார்களாம்.

"அவங்க இருக்கப் போய்த்தான சார் நல்லா ஓடுது!"

"எனக்குப் புரியுதும்மா. அவங்களுக்குப் புரியவைக்க முடியல" என்றார் செழியன். அவர் தீபாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்தாட்களுக்குப் பதிலாக மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். மனதை லேசாக வைத்துக்கொண்டால் உடம்பு தானாகத் தாங்கும் என்றார். அந்த வகுப்புக்காகப் பெண்கள் முந்தின பஸ்ஸைப் பிடித்து வர வேண்டியதாயிற்று.

தீபா போராடாமல் இல்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்களிடம் மட்டும், "கொஞ்சம் பொறுங்க, திரும்ப வாங்கிருவேன்" என்று சொல்லிவந்தாள். அவர்களும் பொறுத்தார்கள்.

பங்குனி வெயிலில் கூரை கொதித்த ஒரு மத்தியானம், இரண்டு மிஷின்களுக்கு நடுவில் சோலையம்மாள் மயங்கிச் சரிந்தாள். விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. தூக்கும்போதுதான் தீபா அவள் கால்களைக் கவனித்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. திண்டுக்கல் ஆஸ்பத்திரிச் செலவை மில் ஏற்றுக்கொண்டது. திரும்ப வேலை தருகிற பேச்சு மட்டும் எழவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தீபா கேட்டாள். "காலு இம்புட்டு மோசமா இருக்குன்னு ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் அவங்ககிட்டப் போய் நிப்ப. ஒனக்குத்தான் கெட்ட பேரு. நீ பொறுக்கச் சொன்ன, பொறுத்துப் பாத்தேன்."

அதில் கோபமே இல்லை. சோலையம்மாள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று தீபாவுக்குப் பட்டது.

அடுத்த மாதம் செழியன் மறுபடி கூப்பிட்டார். கன்னிவாடிப் பக்கம் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் இதே மிஷின் போகிறது, அங்கேயும் தீபாவே போய் ஆட்களைத் தயார்ப்படுத்த வேண்டும், பதவி உயர்வும் உண்டு என்றார்.

"மாத்தாளு கடைசி வரைக்கும் இருப்பாங்கன்னு சொல்லுங்க சார், போறேன்."

"அதை நான் எப்படிம்மா சொல்றது?"

"அப்ப நான் போகல."

போகவும் இல்லை. தன் பிரிவிலேயே நின்றாள். சூப்பர்வைசர் வேலையின் ஊடே, தள்ளாடுகிற ஒவ்வொருத்தியையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் சைடைத் தானே நடந்து பார்த்தாள். எல்லாருக்கும் அது எட்டவில்லை. வீட்டில் அவள் புருஷன் பாண்டியராஜ் வீங்கிய பாதங்களைப் பார்த்துவிட்டு, "உன்னைய மாத்திவிட யாரு இருக்கா?" என்று கேட்டான். அவள் சோற்றைப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கன்னிவாடி யூனிட்டில் சைடு பார்க்கும் ஜீவிதா என்றது குரல். அங்கே ஆட்களைப் பழகவிடாமல் எல்லா மிஷினையும் ஒரே நாளில் ஓடவிட்டார்களாம்.

"அக்கா, நீங்க வந்து எங்களுக்குச் சொல்லித் தருவீங்கன்னு சொன்னாங்களே, ஏன்க்கா வரல?"

தீபா போனைக் காதில் வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள்.