திங்கட்கிழமைக் காய்ச்சல்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பழைய தண்ணீர் லைனை வெட்டி எடுக்கும் வேலை. நான் கேஸ் கட்டர், கேஸ் நெருப்பால் இரும்பை வெட்டுகிறவன். தரைக்கடியில் வரிசையாகக் கான்கிரீட் குழிகள். மழைத் தண்ணீர் நிரம்பி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப் அதற்குள் முழுகிக் கிடந்தது. முறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். குழியை இறைக்க வேண்டும், பைப்புக்குள் நிற்கும் தண்ணீரையும் வடிக்க வேண்டும். முகமூடி போட்டு, ஊதுவிசிறியை ஓடவிட்டு, வெட்டுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் நெருப்பைக் காட்டலாம்.

எங்கள் சூப்பர்வைசர் பைப்பின் முதுகு தெரியும் வரை இறைப்பார். அதோடு மோட்டார் அடுத்த குழிக்குப் போய்விடும். வெட்டும்போது பைப்புக்குள் நின்ற தண்ணீர் கொதித்து முகத்தில் சீறும். பூச்சு எரிந்த வெள்ளைப் புகை குழியை விட்டு ஏறாது. விசிறி கேட்டால் பால் பாக்கெட் வரும். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாதாம். குடித்தேன், பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வாய் தித்திக்கும். பிறகு குளிர் தூக்கிப்போடும். மணிமங்கலத்தில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவள் கம்பளியைப் போர்த்திவிட்டு ரசம் சாதம் பிசைந்து கொடுப்பாள். விடிந்தால் காய்ச்சல் வந்த சுவடே இருக்காது. மற்ற நாட்களில் வராது, உடம்பு புகைக்குப் பழகிவிடும். ஞாயிறு ஒருநாள் புகை இல்லையென்றால் பழக்கம் விட்டுப்போகும். திங்கள் மறுபடி முதலிலிருந்து நடுக்கம்.

விசிறி கிடைக்கும் என்ற ஆசையில் இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ லீவு வுட்டாதான் ஜொரம் வருது," என்றார். "இனிமே சண்டேவும் வா."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் சிரிக்கவில்லை. மூளைக்காரன்தான், பாவி.

அந்த ஞாயிறு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அதையும் அவரிடம் சொன்னேன்.

"மடிதான? கோயில்ல எத்தினியோ பேர் உக்காந்துகினு இருப்பான். நீ வரலன்னா திங்கக்கெழமையும் வராத."

வேலைக்கே போனேன். குழியில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கையில் எரிகிற டார்ச், எடுக்க முடியவில்லை. கடைசியில் அக்காவின் மச்சினர் மடியில் வைத்துக் குத்தினார்களாம். மாமன் இல்லாத பெண்ணா என்று அவள் மாமியார் கோயிலிலேயே கேட்டாளாம். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் குளிரவில்லை. வேலை முடிகிற நேரம் சூப்பர்வைசர் டாக்டர் மாதிரி என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "பாத்தியா, ஒண்ணும் இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். காது வீங்கிய குழந்தை அழுதழுது தூங்கியிருந்தது. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஜொரம் வந்துச்சா?"

"இல்லக்கா."

"வந்துருந்தா நல்லா இருந்துருக்கும்," என்றாள்.