தறி நின்ற நேரத்தில் அடித்த வண்ணம்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில், மகள் கல்யாணத்துக்காக அப்பாவின் பழைய ஸ்டேஷன் வேகனை மேலப்பாளையத்தில் ஒரு பெயிண்டரிடம் விட்டிருந்தேன். "இதுலயா பொண்ணைக் கூட்டிட்டுப் போவீரு? பேரீச்சம்பழத்துக்குப் போடும் வே" என்று மைத்துனர் சிரித்திருந்தார்.

பெயிண்டர் ஒல்லியான மனிதர். சட்டையைக் கழற்றி, உடம்பில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டுதான் வண்ணம் அடிப்பார். ஒரு நூல்கூட வண்டியில் ஒட்டக்கூடாது அவருக்கு. பட்டறையைச் சுற்றிலும் தறிகள், காற்றெல்லாம் பஞ்சு.

"இன்னைக்கே அடிச்சிருங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"இப்ப அடிச்சா வண்டிக்கு முடி மொளைக்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தறி நிக்கும்லா, அப்பம் அடிப்போம்."

வெள்ளியன்று தறிகள் நின்றதும் ஆரம்பித்தார். சாதாரணக் காருக்கு அந்த நேரம் போதும். இதுவோ பின்பக்கம் நீண்ட வண்டி. தொழுகை முடிந்து நெசவாளர்கள் திரும்பியபோது பின்கதவு பாக்கி இருந்தது. மறுநாள் கல்யாணம். இன்னும் கொஞ்ச நேரம் தறியை நிறுத்தி வையுங்கள் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது?

முன்னால் வந்த பெரியவர் ஈர வண்டியையும் அடிக்காத பின்கதவையும் பார்த்தார். தறிக்குப் போகாமல் தெருவிலேயே உட்கார்ந்தார். "பைய அடியும் வே. தறி எங்கயும் ஓடிராது" என்றார். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவு முடிந்ததும், தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த பம்பரைப் பெயிண்டர் மாட்டினார். என்னோடு வந்திருந்த மைத்துனர் குனிந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவினார். தெருவே சிரித்தது. பெயிண்டர் மட்டும் வண்டியைப் பார்க்கவில்லை. ஈர உடம்போடு தெருவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவரை நினைத்தால் அந்தக் கும்பிடுதான் முதலில் வருகிறது.

மறுநாள் மகள் அந்த வண்டியில் மண்டபத்துக்குப் போனாள்.