சிவப்புத் தரை, வெள்ளைச் சீருடை

அந்தப் பள்ளிக்கூடத்தில் என் சம்சாரம்தான் ஆயா. அவள் காய்ச்சலில் போன பிறகு அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று பிள்ளைகளுக்குக் குழப்பம். கடைசியில் 'ஆயா அண்ணா' என்றார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். யார் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற நிலையில்தான் அப்போது இருந்தேன்.

சாயப்பட்டறையில் எனக்கு நைட் ஷிப்ட். ராத்திரி மகளைத் தனியே விட முடியாமல் அதை விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே வேலை செய்பவரின் பிள்ளைக்குப் படிப்பு இலவசம். மகள் இரண்டாம் வகுப்பு. எனக்கு வேலை போனால் அவளுக்கு வகுப்பும் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை ஹாலுக்குக் கூப்பிட்டார். சிவப்பு சிமெண்ட் தரை.

"ஏனுங்க, உங்க சம்சாரம் இருந்தப்ப இந்தத் தரையில மூஞ்சி பாக்கலாமுங்க. இப்ப வெளுத்துக் கெடக்குது. திங்கக்கிழமை தாளாளர் வர்றாருங்க. பாத்தா வேற ஆளைப் போடச் சொல்லிருவாருங்க."

அவள் தரைக்கு என்ன செய்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் வெளுத்ததைச் சிவப்பாக்குவது நம் தொழில் ஆயிற்றே. பட்டறையிலிருந்து வந்த சாயப்பொடி வீட்டில் அரை டப்பா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கரைத்து ஹால் முழுக்க இழுத்துவிட்டேன். காய்ந்ததும் புதுக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. துணியில் சாயம் நிற்கவே உப்பும் சோடாவும் போட வேண்டும் என்று பட்டறையில் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். அது அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. எதுவுமே வரவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைச் சீருடை. பிரேயருக்குத் தரையில் உட்கார்ந்த நாற்பது பிள்ளைகளும் எழுந்து திரும்பினார்கள். நாற்பது பின்பக்கமும் சிவப்பு.

தாளாளர் பனியன் கம்பெனி முதலாளி. குனிந்து தரையில் விரலைத் தேய்த்து, விரலையே பார்த்தார்.

"கலர் போகுதுங்களே. இதை யாருங்க பாஸ் பண்ணுனது?"

"நான்தானுங்க."

"அப்ப ரிஜெக்ட் பீஸ் நீங்கதானுங்க." அவர் சிரிக்கவில்லை. "அடுத்த திங்களுக்குள்ள அத்தனை துணியும் வெள்ளையா வரோணும். இல்லீன்னா வேற ஆளுங்க."

தரையில் இருந்த சாயத்தைக் கழுவிவிட்டு, வீடு வீடாகப் போய்த் துணிகளை வாங்கி வந்தேன். ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, துவைத்து, காயவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் பளிச். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாயத்தை எடுக்கச் சொல்லி எனக்கு ஒரு வேலை. கை தன்பாட்டுக்குச் செய்தது.

அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் முப்பத்தொன்பது வெள்ளை. மகள் மட்டும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். வீடு வீடாகப் போனவன் என் வீட்டுக்குப் போகவில்லை.

தலைமையாசிரியை அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன்.

"தாளாளர்கிட்ட எல்லாம் வெளுத்துருச்சுன்னு சொல்லிக்கறேனுங்க," என்றார். "இனிமே சாயமெல்லாம் வேண்டாமுங்க. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ங்க. உங்க சம்சாரம் அப்பிடித்தான் செய்வாங்க. எண்ணெய் ஊட்டுல இருந்தே கொண்டாருவாங்க."

வீட்டில் எண்ணெய் சீக்கிரம் தீருகிறது என்று அவளை எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். தலையில் தேய்க்கிறாயா, குடிக்கிறாயா என்று.

அன்று சாயங்காலம் பனியன் வேஸ்ட் துணியில் எண்ணெய் தொட்டு ஹால் முழுக்கத் தேய்த்தேன். மகள் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். முடிக்கும்போது தரையில் என் மூஞ்சி தெரிந்தது. அப்படியொன்றும் பார்க்கும்படி இல்லை. அடுத்த வகுப்பறைக்குப் போனேன்.