தாழிக்குள் இருந்தவளின் தாடை

நாகவல்லியின் கையைப் பார்த்தால், களை பறித்துக் காய்த்துப்போன கை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் கண்மூடிய ஒரு மனுஷியின் விரலெலும்பை, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல மண்ணிலிருந்து தூக்கியெடுப்பதும் அதே கைதான்.

மானகிரிக்கு அப்பால் ஒரு கண்மாய் மேட்டில் முதுமக்கள் தாழிகள் கிடைத்தபோது, சல்லடையில் மண் சலிக்கக் கூலிக்குப் போனவள் அவள். மற்றவர்கள் சரளைக்கல் என்று ஒதுக்கியதில் ஐந்து பல்லைப் பொறுக்கி வைத்தாள். எலும்பு ஆராய வந்திருந்த சுபா அன்றைக்கே அவளைக் காரைக்குடிக்கு அழைத்துக்கொண்டாள். சுபாவின் பூர்வீக வீட்டு இரண்டாம் கட்டுதான் எலும்பு அறை. நகரத்தார் வீட்டுப் பெண் என்பதால், இருபத்தெட்டு வயசுச் சுபா நாற்பத்துமூன்று வயசு நாகவல்லிக்கு ஆச்சி. “என்னைக் கிழவியாக்கிட்டீங்களேக்கா” என்று சுபா சிரிப்பாள். அழைப்பு மட்டும் மாறவில்லை.

மூங்கில் குச்சியும் தூரிகையுமாக இரண்டு வருஷம் ஓடியது. எலும்பில் தண்ணீர் படக் கூடாது, எடுத்தவுடன் எண் எழுதிய சீட்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெயிலில் சலித்துக் கிடந்தவளுக்கு அந்த அறை இன்னொரு பிறந்தவீடு ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

முழுசாகக் கொண்டுவந்த தாழி ஒன்றில் மேல்மண்ணை நீக்கி, எலும்பு தெரியத் தொடங்கியதும் படம் எடுத்துவிட்டு, சுபா மதுரைக்குப் போயிருந்தாள். திரும்பும்வரை எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மத்தியானம் தாழியின் பக்கச்சுவர் வெடித்து விரிந்தது. மண் சரிந்தது. சுபா போனை எடுக்கவில்லை. எலும்பு நொறுங்கிவிடுமே என்ற பதைப்பில் நாகவல்லி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அதுவரைக்கும் சரி. ஆனால் சீட்டு வைக்க வேண்டிய கை சீட்டை மறந்தது.

ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் தகப்பன் தங்கச்சாமிக்குக் கொள்ளி வைத்தவள் அவள். சுடுகாட்டுக்குப் பெண் வரலாமா என்று பங்காளிகள் முணுமுணுக்க, மறுநாள் காடாத்துக்கும் அவளே போய், காலிலிருந்து தலைவரை எலும்பு பொறுக்கிப் பால் தெளித்தாள். அன்று பழகிய கை இன்றும் அதையே செய்தது. வெள்ளைத் துணி விரித்து, பாதம் தொடங்கி மண்டையோடு வரை ஒரு மனுஷியாகக் கிடத்திவிட்டது. தாடையைக் கையில் எடுத்தபோது மனசு தாங்கவில்லை. வாய்க்கரிசி வாங்கிய வாயில் மண் இருக்கலாமா என்று, அதை மட்டும் பல்லிடுக்கு வரை சுத்தமாகத் துடைத்து வைத்தாள்.

திரும்பி வந்த சுபா அதைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் உடம்பை அப்படியே தாழிக்குள் வைத்தார்களா, வேறெங்கோ கிடத்தி, சதை போன பிறகு எலும்பை மட்டும் அள்ளிப் போட்டார்களா என்பதுதான் அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடை. எந்த எலும்பு எதன்மேல் கிடந்தது என்பது ஒன்றே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை நாகவல்லி மரியாதை செய்து அழித்துவிட்டாள்.

ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியர் மெய்யநாதன் போனிலேயே தீர்ப்புச் சொன்னார். அந்தத் தாழி கணக்கில் வராது. திங்கட்கிழமையிலிருந்து நாகவல்லி மறுபடி சல்லடைக்குப் போகட்டும்.  தப்புதானே என்றாள் நாகவல்லி. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் முத்துவீரன் தானே உலை வைத்தான்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, எலும்புகளை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். குழிகளிலும் துளைகளிலும் மண் அப்படியே இருந்தது. ஒன்றில் மணல், ஒன்றில் கண்மாய் வண்டல், ஒன்றில் செம்மண். விவசாயி மகளுக்கு மண் பேசாதா? அடியில் பரப்பியது மணல். மூடி விரிசல் விட்டபோது இறங்கியது வண்டல். கடைசியில் மூடி உடைந்து மேலே விழுந்தது செம்மண். இரண்டு நாள் சோறு தண்ணீர் நினைக்காமல், மண்ணைப் பார்த்துப் பார்த்து எலும்புகளை மூன்று அடுக்காகப் பிரித்தாள்.

சுபா போனில் விவரம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை மெய்யநாதன் வந்தார். சுபா எடுத்திருந்த படத்தை நாகவல்லிக்குக் காட்டவே கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அவள் மேலடுக்கு என்று காட்டியவை இரண்டு தொடை எலும்பும் ஒரு புஜ எலும்பும். படத்திலும் அந்த மூன்றேதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூடி உடைந்த காலத்திலேயே அவை இடம் மாறி மேலே வந்திருக்கலாம், எலும்பை அள்ளிப் போட்டார்கள் என்று சொல்ல இது மட்டும் போதாது என்றார். மண்டையோட்டில் வண்டல் இருப்பதைப் பார்த்தவர், தாடையைத் தொட்டார்.

“இது தலையோட கிடந்துச்சா, அடியில தனியாக் கிடந்துச்சா? அடின்னா, அள்ளிப் போட்டதுதான்னு முடிஞ்சிரும். நினைச்சுச் சொல்லுத்தா.”

 ஒரு வார்த்தை. அடி என்றால் தாழியும் பிழைக்கும், அவள் பிழைப்பும் பிழைக்கும். பார்த்தவர் வேறு யாருமில்லை. நாகவல்லியின் கண் கலங்கியது.

“தெரியலய்யா. மண்ணு சரிஞ்ச அவசரத்துல எடுத்தது. நானே தொடச்சுப்புட்டேன். அடின்னு சொன்னா ஆச்சி சந்தோஷப்படுவாக, நீங்களும் மன்னிச்சிருவீக. ஆனா இந்தப் பொம்பள எம்புட்டு வருஷம் பொறுத்துக் கிடந்திருக்கா. அவ பேருல நான் எப்படிய்யா பொய் சொல்றது?”

மெய்யநாதன் தாடையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சுபா பக்கம் திரும்பினார்.

“முப்பது வருஷமாக் கேள்வி கேக்குறேன். தெரியலைன்னு எங்க காலேஜ்ல ஒருத்தனும் சொன்னதில்லைம்மா.”

பதிவேட்டை எடுக்கச் சொன்னார். தாழியைக் கணக்கில் சேர்த்து, அடுக்குகள் மண்ணை வைத்துப் பிரிக்கப்பட்டவை என்று எழுதச் சொன்னார். தாடைக்கு நேராக ‘இடம் தெரியவில்லை’ என்று சுபா எழுதினாள். அதன் பக்கத்தில் பிரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று மெய்யநாதன் பேனாவை நாகவல்லியிடம் நீட்டினார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு அங்குட்டு மேட்டுக்கா வரணும்யா?”

“இங்குட்டுத்தான். சீட்டை முதல்ல எழுதிவச்சிட்டு மத்ததைத் தொடு.”

தன் பேரின் ஐந்து எழுத்தை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கண்ணீர் பட்டு மை கலையாமல் இருக்க, தலையைத் தூக்கித் தூக்கி எழுதினாள்.